மல்லிப் பாத்தியில் பொறுக்கிய நத்தைகள்

மல்லி நாற்றுக்குப் பேர் போன ஊர் தங்கச்சிமடம். பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் தீவுக்குள் வந்தால், தென்னை நிழலில் பாத்தி பாத்தியாக ராமநாதபுரம் குண்டு மல்லிக் குச்சிகள் வேர் பிடித்துக்கொண்டிருக்கும். தீவின் மணல் அதற்கு வாகானது. குச்சியை நெருக்கி ஊன்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் நாற்று தயார். கட்டுக்கட்டாகக் கட்டினால் பல மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் வண்டி ஏறிவிடும். எங்கள் வீட்டுக் கொல்லையிலும் அப்படியொரு நாற்றங்கால் இருக்கிறது. நிழலும் ஈரமும் இளந்தளிரும் ஒரே இடத்தில் கிடைத்தால் நத்தை வராமல் இருக்குமா? ராத்திரியெல்லாம் மேயும். விடிந்தால் குச்சிகளின் தூரிலும் கிடுகுக்கு அடியிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

களையெடுக்க வரும் அக்காமார் கையோடு நத்தையையும் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுவார்கள். எல்லா நாற்றங்காலிலும் நடப்பதுதான். உப்பு பட்டதும் உடம்பிலுள்ள நீரெல்லாம் வெளியே இழுக்கப்பட்டு, நுரை தள்ளித் துடித்துச் சாகும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு முடியவில்லை. வாளிக்குப் பக்கத்தில் ஒரு மண்சட்டியை வைத்து, "இதுல போடுங்கக்கா, நான் எடுத்துக்கிறேன்" என்றேன்.

"நத்தைய வச்சு என்ன தாயி பண்ணப்போற? கொழம்பு வைக்கப்போறியா?"

"வளக்கப்போறேன்."

அந்த அக்கா அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டார். இப்போது அவரே சட்டியில் போடும்போதே வகை பிரித்துவிடுகிறார். பட்டை போட்டது ஒரு பக்கம், பழுப்பு ஒரு பக்கம், புதிதாக எதையாவது பார்த்தால் தனியாக ஒரு சிரட்டையில். அவருக்குப் பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் கிடையாது. ஆனால் ஓட்டைப் பார்த்தே எது எங்கே ஒளியும் என்று சொல்லிவிடுவார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இத்தனை வகை இருக்கே, எல்லாத்தையும் ஒரே தொட்டியில போட்டா என்ன? நத்தைதானே, சண்டையா போடப்போகுது?" சண்டை போடாது, உண்மைதான். ஆனாலும் ஒன்றாகப் போடக் கூடாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம் கடற்கரைக்காரர்களுக்கு ஓடு என்றாலே கடல் நினைவுதான் வரும். கீழக்கரையில் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளித்தவர்கள் இருக்கிறார்கள். ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றிக் கடை கடையாகச் சிப்பிமாலைகளும் சோழி பொம்மைகளும் தொங்குகின்றன. 1947-ல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1971-ல் கொச்சிக்குப் போகும்வரை மண்டபம் முகாமில்தான் தலைமையகம் வைத்திருந்தது. அதன் மண்டல மையம் இன்றும் அங்கே இருக்கிறது. ஓட்டுடலிகள் சிலவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியல்களில் பல கடல் சங்கு, சிப்பி இனங்களைச் சேர்த்தார்கள். கடல் ஓட்டைப் பற்றிப் பேச இத்தனை பேர் இருக்கும் கரையில், தரையில் ஊரும் நத்தையைக் கவனிக்க ஆளில்லை. கண்மாயில் கிடக்கும் பெரிய ஊமச்சியை மூலத்துக்கு நல்லது என்று சமைத்துச் சாப்பிடுவார்கள். அது நன்னீர் நத்தை, வேறு சாதி. நான் சொல்வது வேலியிலும் மரத்திலும் பாத்தியிலும் இருக்கும் நிலத்து நத்தைகளை.

என் சட்டிக்கு அதிகம் வருவது பட்டை நத்தை. விலங்கியலில் அதற்கு ட்ராக்கியா விட்டாட்டா என்று பெயர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட பகுதிகளில் வாழ்வது. தட்டையான ஓடு, ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அகலம், வெளுத்த நிறத்தில் கரும்பழுப்புப் பட்டைகள் சுற்றிச் சுற்றி ஓடும். ஒன்றுக்கு இருக்கும் பட்டைக் கணக்கு இன்னொன்றுக்கு இருக்காது. அடுத்தது ராக்கிஸ் இனத்துப் புள்ளி நத்தை. உயரமான கூம்பு ஓடு, வெள்ளையில் கரும்புள்ளிகள் வரிசையாக இருக்கும். மரத்தை விட்டு இறங்க அதற்கு மனமே வராது. மூன்றாவது பழுப்பு நத்தை, கிரிப்டோசோனா பிஸ்ட்ரியாலிஸ். இந்த மூன்றில் பெரியது, ஓடு மெல்லியது, மழைக்காலத்தில் தளிரைக் கடித்துத் தோட்டக்காரர்களிடம் திட்டு வாங்குவது பெரும்பாலும் இதுதான். பூந்தொட்டி மண்ணைக் கிளறினால் ஊசிமுனை மாதிரி நீண்ட பொடி நத்தைகள் வரும். அவை மக்கியதைத் தின்பவை, செடிக்குக் கெடுதல் இல்லை. நாற்றங்கால்காரர்கள் இந்தப் பொடிகளையும் சேர்த்துக் கொல்வது வீண்பாவம்.

இவற்றை ஒன்றாகப் போடக் கூடாது என்பதற்கு முதல் காரணம் தூக்கம்.

எங்கள் மாவட்டத்தில் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். மற்ற மாதங்களில் வெயிலும் உப்புக்காற்றும்தான். இந்தக் காய்ச்சலைத் தாங்க நம் நத்தைகள் தூங்குகின்றன. பட்டை நத்தையும் புள்ளி நத்தையும் தரைச் சூட்டுக்குத் தப்பி உடைமரம், எருக்கு, பனை, சுவர் என்று மேலே ஏறி ஒட்டிக்கொள்ளும். ஒரே கிளையில் கூட்டமாக ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். ஓட்டின் வாயை அடைத்துத் தன் கோழையாலேயே ஒரு சவ்வு இழுத்துவிடும். அது காய்ந்ததும் காகிதம்போல விறைத்துக்கொள்ளும். உள்ளே உடம்பு சுருங்கி, மூச்சும் நாடியும் மிக மெதுவாகி, இருக்கிற ஈரத்தைச் சிக்கனமாகச் செலவழித்தபடி மழைக்காகக் காத்திருக்கும். பழுப்பு நத்தை மேலே ஏறாமல் மண்ணுக்குள்ளும் சருகுக்கு அடியிலும் இறங்கிப் படுத்துவிடும்.

இந்தத் தூக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு லண்டனில் ஒரு சான்று இருக்கிறது. எகிப்திலிருந்து கொண்டுவந்த ஒரு பாலைவன நத்தையை 1846-ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஓடு மட்டும்தான் என்று நினைத்து அட்டையில் பசை போட்டு ஒட்டி வைத்தார்கள். 1850-ல் யாரோ அட்டையில் சளித்தடத்தைக் கவனித்து, வெதுவெதுப்பான நீரில் போட்டதும் அது தலையை நீட்டியது. நான்கு வருஷம் அட்டையில் ஒட்டிக் கிடந்த நத்தை அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் கோசுக்கீரை தின்று வாழ்ந்தது.

நம் ஊர் நத்தையை வருஷம் முழுக்க ஈரம் குறையாத தொட்டியில் போட்டால் என்ன ஆகும்? தூங்க வேண்டிய மாதங்களில் தூங்க முடியாது. சவ்வு இழுக்கும், நாம் தண்ணீர் தெளிப்போம், விழிக்கும். மறுபடி இழுக்கும். ஒவ்வொரு சவ்வுக்கும் உடம்பிலிருந்துதான் கோழையும் சுண்ணமும் செலவாகிறது. வெளிநாட்டுப் புத்தகங்களைப் படித்து நத்தை வளர்ப்பவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். ஐரோப்பாத் தோட்டத்து நத்தை பனிக்குத் தூங்குவது. அதற்குச் சொன்ன ஈரக் கணக்கு சித்திரை மாதத்து ராமேஸ்வரத்துக்குப் பொருந்தாது. பட்டை நத்தை சவ்வு இழுத்துவிட்டால் நான் அதைத் தொடுவதில்லை. உலர்ந்த குச்சியோடு சேர்த்து, காற்றோட்டமான வலைக்கூடையில் நிழலில் தொங்கவிட்டுவிடுவேன். ஒட்டியிருப்பதைப் பிய்த்துப் பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு வரும். விடக்கூடாது. சவ்வு கிழிந்தால் ஈரம் போய்விடும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒட்டிய இடத்தில் சொட்டுத் தண்ணீர் விட்டு, இளகியபின் பக்கவாட்டில் நகர்த்தி எடுக்க வேண்டும்.

ஆக, எதோடு எதைச் சேர்க்கலாம் என்பதை மரத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பட்டை நத்தையும் புள்ளி நத்தையும் ஒரே உடைமரத்தில் ஒரே கோடையைத் தூங்கிக் கழிப்பவை. அவை ஒரே கூடையில் இருக்கலாம், இருக்கின்றன. பழுப்பு நத்தைக்கு ஒரு சாண் ஆழ மண் வேண்டும், அதனால் தனித் தொட்டி. மண்ணுக்குள் வாழும் ஊசி நத்தைகள் அதோடு சேர்ந்திருக்கலாம்.

இரண்டாவது காரணம் உருவம். பெரிய நத்தை சின்னதன் மேல் ஏறிப் போகும்போது கடிப்பதில்லை. ஆனால் அதன் சளி சின்னதன் ஓட்டு வாயில் படிந்து அடைக்கும், இளம் ஓடுகள் எடை தாங்காமல் விளிம்பில் உடையும், தீனி வைத்த இடத்தைப் பெரியவை பிடித்துக்கொள்ளும். கால்சியம் போதாத தொட்டியில் இன்னும் மோசம். ஓட்டுப் பசி எடுத்த நத்தை பக்கத்து நத்தையின் ஓட்டையே சுரண்டித் தின்னும். முதுகில் வெள்ளை வெள்ளையாகச் சுரண்டல் தடம் கண்ட நத்தையைப் பார்த்தால், அந்தத் தொட்டியில் சுண்ணாம்புச் சத்து இல்லை என்று பொருள்.

அதற்கு எங்கள் கடலே மருந்து வைத்திருக்கிறது. காற்றடித்து ஓய்ந்த காலைகளில் ஓலைக்குடா பக்கம் கரையில் நடந்தால் வெள்ளையாக, நீள்வட்டமாகக் கணவாய் ஓடு ஒதுங்கிக் கிடக்கும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பதும் இதுதான். ஒரு பக்கம் கடினம், மறுபக்கம் நகத்தால் கீறினால் மாவு உதிரும். உப்பு ஏறியிருக்கும் என்பதால் அப்படியே கொடுத்துவிடக் கூடாது. நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, நாக்கில் வைத்தால் கரிக்காத பதம் வந்ததும் வெயிலில் காயவைக்க வேண்டும். மாவுப் பக்கம் மேலே தெரிய வைத்துவிட்டு, ராத்திரி விளக்கை அணைத்துக் காத்திருந்தால் சத்தம் கேட்கும். மணல்தாளில் மெல்லத் தேய்ப்பது போன்ற சத்தம். நத்தையின் நாக்கில் ஆயிரக்கணக்கான நுண்பற்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன, அவை தேய்வதும் பின்னாலிருந்து புதியவை முன்னுக்கு வருவதும் ஆயுள் முழுக்க நடக்கும். காலையில் கணவாய் ஓட்டைச் சாய்த்துப் பார்த்தால் நாக்கு போன பாதை சிறு சிறு வரிகளாகப் பதிந்திருக்கும். களைக்கொத்து பட்டு ஓட்டு விளிம்பு உடைந்து வந்த நத்தைகள்கூடச் சுண்ணாம்புச் சத்து கிடைத்தால் உள்ளிருந்து மெல்லிய தகடு கட்டி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். அடைத்த இடம் நிறம் மங்கி, பட்டை தொடராமல், ஒட்டுப்போட்டது தெரியும்படியே இருக்கும். சுழல் நடுவே நொறுங்கி உள்ளுறுப்பு கிழிந்தவை பிழைப்பதில்லை.

மண்ணிலும் தண்ணீரிலும் எங்கள் ஊருக்கென்று தனிக் கவனம் வேண்டும். கடல் மணல் ஆகவே ஆகாது. தென்னை நார்க்கழிவிலும் உப்பு இருக்கும், அலசி அலசித்தான் போட வேண்டும். கண்மாய் வண்டல் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. கிணற்று நீர் பல இடங்களில் கரிக்கிறது. காவிரிக் குடிநீரை ஒரு நாள் திறந்து வைத்து மருந்து வாடை போனபின் தெளிக்கிறேன். தீனிக்கு முருங்கைக்கீரை, பீர்க்கங்காய்த் தோல், வெள்ளரி, பூசணி, சுரைக்காய். கடையில் வாங்கிய கீரையில் பூச்சிமருந்து இருக்கலாம் என்பதால் வீட்டுக் கீரைக்குத்தான் முதலிடம். உப்புப் போட்டு வதக்கிய எதுவும் கூடாது.

சரி, சண்டை போடாது என்றேன். ஒரு விதிவிலக்கு சொல்லியாக வேண்டும். நத்தையைத் தின்னும் நத்தை இருக்கிறது. ஹட்டோனெல்லா பைகலர் என்று ஒன்று, முழு வளர்ச்சியில் ஏழு மில்லிமீட்டர் தாண்டாது. கண்ணாடிபோன்ற மெல்லிய ஓட்டுக்குள் மஞ்சளும் ஆரஞ்சுமாக உடம்பு தெரியும், பார்க்க அழகு. நம் நாட்டிலிருந்தே 1834-ல் விவரிக்கப்பட்ட இனம்தான். தொட்டி மண்ணோடு உலகமெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊசி நத்தைகளின் ஓட்டுக்குள் தலையை நுழைத்து உடம்பைத் தின்றுவிடும். பூந்தொட்டியில் காலி ஊசி ஓடுகள் நிறையக் கிடந்து, நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒன்று ஊர்ந்தால், அதைப் பிரித்து அதன் தொட்டி மண்ணிலேயே விட்டுவிடுங்கள். அதன் மேல் தப்பில்லை, அதன் சாப்பாடு அது.

இனங்கள் கலந்து குட்டி போட்டுவிடுமோ என்றும் கேட்கிறார்கள். அந்தக் கவலை வேண்டாம். நிலத்து நத்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே உடலில் ஆணும் பெண்ணும் உண்டு என்றாலும், இணை விஷயத்தில் அவை மிகக் கறாரானவை. இனத்துக்குள்ளேயே ஓடு எதிர்ப்பக்கம் சுழன்றிருந்தால் இணை சேர்வது கடினம். 2016-ல் லண்டனில் ஒரு குப்பைக் குழியில் எதிர்ப்பக்கம் சுழன்ற தோட்ட நத்தை ஒன்று கிடைத்தது. சங்கில் வலம்புரி எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு அபூர்வம். ஜெரமி என்று பேர் வைத்து, நாட்டிங்காம் பல்கலைக்கழகத்து ஆங்கஸ் டேவிசன் அதற்கு ஏற்ற இணை கேட்டுப் பொதுமக்களுக்கே வேண்டுகோள் விடுத்தார். இப்ஸ்விச்சிலிருந்து ஒன்றும் ஸ்பெயினின் மயோர்கா தீவிலிருந்து ஒன்றும் வந்தன. வந்த இரண்டும் முதலில் தங்களுக்குள் சேர்ந்துகொண்டன. கடைசியில் ஜெரமிக்கும் வாய்த்தது. 2017 அக்டோபரில் அது செத்துப்போனது. பிறந்த குஞ்சுகள் எல்லாமே வழக்கமான பக்கம்தான் சுழன்றிருந்தன.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன்: ஆப்பிரிக்க ராட்சத நத்தை.

வெளியூரிலிருந்து வந்த ஒரு அலங்காரச் செடியின் தொட்டி மண்ணில் அது என்னிடம் வந்து சேர்ந்தது. நீண்ட கூம்பு ஓடு, பழுப்பில் தீநாக்குப் போன்ற கோடுகள், கையில் வைத்தால் உள்ளங்கை நிறையும். இருபது சென்டிமீட்டர் வரைகூட வளரக்கூடிய இனம். கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்தது. 1847-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியும் நத்தை ஆராய்ச்சியாளருமான பென்சன், மொரிஷியஸிலிருந்து உயிரோடு கொண்டுவந்தவை கல்கத்தாவில் சௌரங்கித் தோட்டமொன்றில் விடப்பட்டன. இந்தியாவில் அதன் கதை அங்கே தொடங்குகிறது. 1900 வாக்கில் இலங்கைக்கும் போய்விட்டது. பென்சன் நத்தையை நேசித்த மனிதர், இந்திய நத்தைகள் பலவற்றுக்கு முதன்முதல் பெயர் சூட்டியவர். நேசித்தவர் கையால்தான் வந்தது என்பதை நத்தை வளர்க்க நினைக்கும் எல்லாரும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் மயாமியில் இன்னும் சின்னக் கையால் நடந்தது. 1966-ல் ஹவாய்க்குப் போய்த் திரும்பிய ஒரு சிறுவன் மூன்று நத்தைகளை ஆசையாகக் கொண்டுவந்தான். பாட்டி அவற்றைக் கொல்லைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். ஏழு வருஷத்துக்குள் 18,000-க்கும் அதிகமான நத்தைகள் பிடிபட்டன. ஒழிக்கப் பத்து லட்சம் டாலர் செலவானது. 2011-ல் மறுபடி முளைத்து, 2021-ல்தான் ஒழிந்ததாக அறிவித்தார்கள். மறுவருஷமே அதே மாநிலத்தில் வேறொரு மாவட்டத்தில் கண்டுபிடித்தார்கள். ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில் முட்டை, வருஷத்துக்குப் பல தடவை. சேர்ந்த இணையின் விந்தைப் பல மாதம் உள்ளேயே வைத்திருந்து, தனியாக இருக்கும்போதும் முட்டையிடும். செடி, சுவர்ப்பூச்சுச் சுண்ணாம்பு, எதையும் விடாது. கேரளத்தில் ஊர் ஊராக மதில்களில் அப்பிக்கொண்டு மழைக்காலத்தில் வாசல்வரை வந்த கதையைப் பலரும் அறிவார்கள். பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் ஈரச் சாக்கில் கோசு இலை வைத்துப் பிடிப்பது, புகையிலைக் கஷாயத்தோடு மயில்துத்தம் கலந்து தெளிப்பது என்று மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

என்னிடம் இருக்கும் ஒன்று மூடி பூட்டிய தனித் தொட்டியில் ஆயுள்வரை இருக்கும். வெளியே விடுவதென்ற பேச்சே இல்லை. வாரந்தோறும் மண்ணைக் கிளறி, முட்டை இருந்தால் கொதிநீரில் போட்டுவிடுகிறேன். முட்டை மஞ்சள் கலந்த வெள்ளையில் மிளகை விடச் சற்றுப் பெரிதாக உருண்டையாக இருக்கும். நத்தைமேல் பிரியம் வைத்த நான் முட்டையை அழிப்பது சிலருக்கு முரணாகத் தெரிகிறது. பட்டை நத்தைக்காகத்தான் செய்கிறேன். இந்தத் தொட்டி மண்ணையும் கொதிக்க வைக்காமல் கொல்லையில் கொட்டுவதில்லை. உங்கள் தோட்டத்தில் இவை கூட்டமாக வந்துவிட்டால் வளர்க்க நினைக்காதீர்கள். வேளாண்மை அலுவலகத்துக்குச் சொல்லி முறைப்படி ஒழிப்பதுதான் சரி. எங்கள் நாற்றுக் கட்டுகளும் வண்டி ஏறுமுன் வேரை அலசி, முட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் கட்டப்படுகின்றன. நாற்று போகும் ஊருக்கு நத்தை போக வேண்டாம்.

ஒன்றாகப் போடக் கூடாது என்பதற்கு நோய் இன்னொரு காரணம். எலி நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணி எலிக்கும் நத்தைக்கும் நடுவே சுற்றி வாழ்கிறது. 1935-ல் சீனாவின் குவாங்சோவில் எலிகளிடம் முதலில் கண்டறியப்பட்டது. பச்சையாகவோ வேகாமலோ நத்தையைத் தின்றாலும், சளி பட்ட கீரையைக் கழுவாமல் தின்றாலும் மனிதருக்குள் வந்து மூளைக்காய்ச்சல் உண்டாக்கலாம். கேரளத்தில் அப்படி நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். ஆப்பிரிக்க நத்தை இதைச் சுமப்பதில் முன்னணியில் இருக்கிறது, மற்றவற்றாலும் வரலாம். அதனால் தொட்டியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாத பிள்ளைக்கு எங்கள் வீட்டில் பலகாரம் கிடையாது. பாத்தியிலிருந்து வரும் நத்தையைப் பழையவற்றோடு உடனே சேர்ப்பதும் இல்லை. தனிச் சட்டியில் சில வாரம் இருக்க வேண்டும். ஓட்டு வாய் ஓரத்தில் வெள்ளைப் பொடியாக ஓடும் உண்ணி இருந்தால் தெரிந்துவிடும்.

மூடிய தொட்டியில் நோய் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு பார்ட்டுலா நத்தைகள்தான் பாடம். தாஹிட்டி, மூரியா தீவுகளில் ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்க 1970-களில் யூகிளாண்டினா என்ற வேட்டை நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது ஆப்பிரிக்க நத்தையை விட்டுவிட்டு உள்ளூர் மரத்து நத்தைகளான பார்ட்டுலாக்களைத் தின்று தீர்த்தது. 1987-க்குள் மூரியாவில் காட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றே முடிவுகட்டினார்கள். மீட்டெடுத்த கொஞ்சத்தை லண்டன் உள்ளிட்ட உயிரியல் பூங்காக்கள் இனம் இனமாகப் பிரித்து வளர்த்தன. அதிலும் பார்ட்டுலா டர்ஜிடா என்ற இனத்தின் கடைசி நத்தை 1996 ஜனவரியில் லண்டனில் ஓர் ஒட்டுண்ணியால் செத்தது. உலகத்திலிருந்தே அந்த இனம் போனது. தப்பித்த இனங்களை 2015 முதல் அவற்றின் சொந்தத் தீவுகளுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். ராத்திரி தேடிக் கண்டுபிடிக்க ஓட்டில் ஒரு சொட்டுச் சிவப்பு ஒளிர்சாயம் வைத்து விடுகிறார்கள். மூரியாவில் ஓர் இனம் காட்டிலேயே பிறந்து வளரத் தொடங்கிவிட்டதாக 2024-ல் செய்தி வந்தபோது, வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

அந்தப் பூங்காக்கள் செய்வதைத்தான் சின்ன அளவில் நானும் செய்கிறேன். எடுத்ததை எடுத்த இடத்துக்குத் திருப்புவது. எங்கள் பாத்தியில் பொறுக்கிய நத்தை எங்கள் வேலிக்குத்தான் போகும். பக்கத்து ஊர்க்காரர் அன்போடு கொண்டுவந்தால், அவர் எந்த மரத்தடியில் எடுத்தார் என்று கேட்டுச் சீட்டு எழுதி ஒட்டிவைத்து, அந்த மரத்துக்கே அனுப்பிவிடுகிறேன். மரைக்காயர்பட்டினத்து நத்தையைத் தங்கச்சிமடத்தில் விடுவதில்லை, நோயும் முட்டையும் இடம் மாற வேண்டாம் என்று.

ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்து, மண் ஒரு விரல் ஆழத்துக்கு நனைந்ததும் வலைக்கூடைகளைத் திண்ணைக்குக் கொண்டுவருவேன். ஒரு தூறலுக்கு ஏமாந்து விட்டுவிடக் கூடாது. மறுநாள் வெயிலில் மறுபடி சவ்வு இழுக்க வேண்டிவரும். காற்றில் ஈரம் ஏறியதும் புள்ளி நத்தைக்கு முன்னால் பட்டை நத்தை விழிக்கும். சவ்வின் ஓரம் முதலில் ஈரமாகி இளகும். பிறகு பாதம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விரியும். கண் தாங்கிய கொம்பு இரண்டும் கடைசியில்தான் நீளும். விழித்தவற்றை மாலையில் வேலியோரம் கொண்டுபோய், மல்லிப் பாத்திக்கு எதிர்ப்பக்கம், எருக்கந்தூரில் விடுகிறேன். வளர்ந்த செடிக்கு அவற்றால் பெரிய சேதம் இல்லை, வேர் பிடிக்கும் குச்சிக்குத்தான் கெடுதல்.

தெருப் பிள்ளைகள் ஆளுக்கொன்று கேட்கிறார்கள். பட்டை நத்தை மட்டும் தருவேன், அதுவும் இரண்டாக. கூடவே ஊறவைத்துக் காயவைத்த ஒரு துண்டு கணவாய் ஓடு. ஆப்பிரிக்க நத்தையைக் கேட்டு அழுதாலும் கிடைக்காது. எந்த வேலியில் எடுத்தது என்று எழுதிய சீட்டு டப்பாவின் அடியில் இருக்கும். மழை நின்று காற்று காயும்முன், தை பிறக்குமுன், அந்த வேலிக்கே திரும்ப வந்துவிட வேண்டும். சென்ற தடவை கொண்டுபோனதைத் திருப்பாத பிள்ளைக்கு இந்தத் தடவை கிடையாது.